பேட்டரிக் காரீயம்

நீங்கள் வரவழைத்துத் தந்த சுலைமானி டீயில் சர்க்கரை சற்று அதிகம். குறை சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள், சொன்னேன். கேட்டால் உள்ளதைச் சொல்வது என் வழக்கம். அதனால்தான் நடந்ததை நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று தாளும் பேனாவும் கேட்டேன். உங்கள் மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் நேற்று முழுக்க ‘ஈயம், ஈயம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஈயம் என்று பொத்தாம்பொதுவாக ஒன்று கிடையாது. வெள்ளீயம் உண்டு, காரீயம் உண்டு. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். அதில் ரசம் வைத்துச் சாப்பிடலாம். காரீயம் உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இந்த வழக்கே. இந்த வித்தியாசம் தெரியாத ஒருவர் வாய்வழியாக என் வாழ்க்கை அரபிக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை.

என் பெயர் செல்வசிங். வயது ஐம்பத்து மூன்று. கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கம் ஊர். தம்மாமில் ஒரு பவுண்டரியின் பரிசோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். உருக்கிய உலோகம் அச்சுக்குப் போகும் முன் அதிலிருந்து ஒரு துண்டு என் மேசைக்கு வரும். அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஊற்றுவார்கள். ஊற்றுகிறவர்களில் எல்லா தேசத்து ஆட்களும் இருந்தார்கள். தாங்கள் ஊற்றுவது என்னவென்று ஒருவனுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. டூட்டி முடிந்தால் ரூம், ரூமில் குப்பூஸ் ரொட்டி, குப்பூஸ் தீர்ந்தால் போன். அப்படிப்பட்டவர்கள் நடுவில் பத்தொன்பது வருடம் யாரோடும் சண்டை போடாமல் இருந்தேன். விசாரித்தால் சொல்வார்கள்.

பவுண்டரியை மூடிவிட்டார்கள். ஷார்ஜாவுக்கு வந்து ரோலாவில் ஒரு பெட் ஸ்பேஸில், கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுத்து, நான்கு மாதம் கிடந்தேன். பிறகு ஒருவர் மூலம் தைத் என்ற ஊரில் இந்த அர்பாபின் தோட்டத்தில் வேலை கிடைத்தது. முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், டிராக்டர் எல்லாம் என் பொறுப்பு. அர்பாப் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பழைய காலத்து ரைஃபிள்கள் பதினொன்று வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் லைசன்ஸ் உண்டு, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். குளிர்காலத்தில் நடக்கும் துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொள்வார். அந்தத் துப்பாக்கிகளுக்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டிலேயே குண்டு வார்ப்பார்கள். மருந்து வைத்துத் தோட்டாவாக்கும் வேலையைப் பூட்டிய அறையில் அவர் தன் கையால் செய்துகொள்வார். குண்டு வரைக்கும்தான் எங்களுடையது.

தம்மாமில் நான் என்ன செய்தேன் என்று தெரிந்ததும் அர்பாப் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். அதுவரை அங்கே யாரோ எதையோ உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் குண்டுகளைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. துப்பாக்கிக் குழாயின் உட்புறத்தில் திருகு மாதிரி சுற்றிச் சுற்றிப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் பள்ளத்தைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளியே வந்தால்தான் நேராகப் போகும். வெறும் காரீயம் வெண்ணெய் மாதிரி, குழாயிலேயே அப்பிக்கொள்ளும். ஆன்டிமனி சேர்த்தால் இறுகும். கூடிப்போனால் பள்ளத்தைப் பற்றாமல் வழுக்கும், கீழே விழுந்தால் உடையும். வெள்ளீயம் சேர்த்தால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும். எந்தத் துப்பாக்கிக்கு எந்தக் கலவை என்று தேர்ந்தெடுப்பதுதான் இதில் அறிவு வேண்டிய இடம். மற்றதெல்லாம் கரண்டி வேலை.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கலவை தேர்ந்தெடுத்தேன். நகத்தால் கீறிப் பார்த்தேன், பென்சில் முனையால் கீறிப் பார்த்தேன், சிமெண்டுத் தரையில் போட்டுச் சத்தம் கேட்டேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதி அர்பாபிடம் கொடுத்தேன். “அச்சா, அச்சா” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படித்திருக்க மாட்டார். இவர்களுக்குக் கைக்கு வந்தால் போதும், அது எப்படி வந்தது என்று வேண்டாம்.

நான் வார்த்த குண்டுகள் சிலவற்றில் மேற்புறத்தில் சுருக்கம் விழுந்தது. அச்சு பழையது.

அந்தச் சமயத்தில்தான் வேலுச்சாமியை ஷெட்டுக்கு உதவியாக அனுப்பினார்கள். போன அக்டோபர் மாதம். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள். பேரீச்சை மரங்களுக்குத் தண்ணீர் விடுவான், ஆடுகளைப் பார்த்துக்கொள்வான். நாற்பத்தைந்து வயது இருக்கும். எட்டாவது படித்ததாகச் சொன்னான், நான் நம்பவில்லை. சாயந்திரம் ஆனால் போதும், பட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டு மனைவி பூவாயியோடு ஸ்பீக்கரில் பேசுவான். கறுப்பு ஆடு வேலியைத் தாண்டியது, கிடா அர்பாபின் கந்தூரா அங்கியைக் கடித்தது, இவைதான் பேச்சு. அந்தப் பெண் அங்கிருந்து சிரிப்பது தோட்டம் முழுக்கக் கேட்கும். என் மனைவி இன்பமணி போனில் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிக்கும்படி நாங்கள் எதுவும் பேசுவதில்லை. அவசியமானதைப் பேசுவோம்.

முதல் இரண்டு வாரம் அடுப்பு மூட்டுவதும் அழுக்கு வழிப்பதும்தான் அவன் வேலை. ஒருநாள் காலையில் அர்பாப் ஷெட்டில் நின்றுகொண்டிருக்கும்போது கேட்டான்.

“சார், நான் ஒரு தடவ ஊத்திப் பாக்கட்டுங்களா?”

“இது கஞ்சி ஊத்துற வேலையில்ல.”

“சரிங்க சார்.”

அர்பாபுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் கரண்டியைப் பார்த்த பார்வை புரிந்துவிட்டது போல. “கரோ வேலு, தும் கரோ” என்றார், நீயே செய் என்று. அவன் கரண்டியை அச்சின் வாயில் ஒட்டவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே சீராக ஊற்றினான். அச்சைத் தட்டித் திறந்து சாக்கின் மேல் கொட்டினான். பத்துக் குண்டு. பத்தும் கண்ணாடி மாதிரி இருந்தன. அர்பாப் ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, “ஸேன், ஸேன்”, நன்று நன்று என்று அவன் முதுகில் தட்டினார்.

அவர் போன பிறகு நான் அவனைக் கேட்டேன், சூடு சரியாக இருக்கிறதென்று எப்படித் தெரிந்தது என்று.

“மேல ஒரு ஆட கட்டுதுல்லங்க சார், பால்ல கட்டுறாப்புல. அது வெலகி உள்ள மொகம் தெரியிற நேரத்துல ஊத்துனா சரியாப் போவுதுங்க.”

என்னிடம் தெர்மாமீட்டர் இருந்தது.

அதன் பிறகு வார்ப்பது அவன் வேலை ஆனது. கலவை என்னுடையது, கை அவனுடையது. இதில் எனக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பவுண்டரியிலும் அப்படித்தான் இருந்தது. ஜனவரியில் ஒரு போட்டியில் அர்பாப் முதலாவதாக வந்தார். தோட்டத்து வீட்டில் விருந்து வைத்தார். அவருடைய நண்பர்கள், உறவினர்கள், ஒரு முப்பது பேர் மஜ்லிஸில், விருந்தினர் கூடத்தில், உட்கார்ந்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே விளக்கு ஒன்று எரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அர்பாப் வேலுச்சாமியை உள்ளே அழைத்துத் தன் பக்கத்தில் கம்பளத்தில் உட்காரவைத்தார். காவா காப்பிக் கோப்பையைத் தன் கையால் கொடுத்தார். அவன் வலதுகையை மணிக்கட்டில் பிடித்து உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார், ஏதோ அவர் சுட்ட மான் மாதிரி. அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. அவன் வாசல் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில், “சாப் சிகாயா. சாப் படா ஆத்மி” என்று என்னைக் காட்டினான். நான்தான் கற்றுக்கொடுத்தேனாம், பெரிய மனிதனாம். முப்பது தலைகள் என் பக்கம் திரும்பின. மரியாதைக்கு ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி அவன் பக்கம் திரும்பின.

யோசித்துப் பாருங்கள். கலவை என்னுடையது. அதற்கு ஆட்டுப் பட்டியில் படுத்துத் தூங்குகிறவன் எனக்குச் சிபாரிசு செய்கிறான். நான் விளக்கைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், பசியில்லை என்றேன். உண்மையிலேயே பசியில்லை.

போட்டியில் ஜெயித்த பிறகு அர்பாபுக்குப் பயிற்சி செய்யும் ஆசை அதிகமாகிவிட்டது. குண்டு நிறைய தேவைப்பட்டது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியலில் இருந்து கலவை சரிபார்த்த சுத்தமான கட்டிகளை வரவழைத்துக் கொடுத்தார். நல்ல உலோகம். கூடவே ஒன்று சொன்னார். “பேட்டரி மாஃபி, செல்வா. ஆத்மி பீமார் ஹோ ஜாயேகா.” பேட்டரி உருக்காதே, ஆள் நோயில் விழுவான் என்று அர்த்தம். ராணுவத்தில் யாரோ சொல்லிக் கேட்டிருப்பார். எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய பேட்டரித் தகட்டில் இருப்பது வெறும் காரீயம் அல்ல. அதை உருக்கும்போது கிளம்பும் தூசும் புகையும் மனிதனை என்ன செய்யும் என்பது என் தொழில். தம்மாமில் அந்த வேலை நடக்கும் கொட்டகைக்குள் முகமூடி இல்லாமல் நான் ஒருமுறைகூட நுழைந்ததில்லை. அங்கே சுவரில் ஐந்து மொழியில் எச்சரிக்கை எழுதியிருந்தது. தமிழில் இல்லை.

மார்ச் மாதத்தில் நான் சுத்தமான கட்டிகளை ஜெனரேட்டர் ரூமில் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கினேன். நீங்கள் அங்கேதான் அவற்றை எடுத்தீர்கள். தோட்டத்தில் டிராக்டரில் கழற்றியது, வண்டியில் கழற்றியது என்று பழைய பேட்டரிகள் ஏராளமாகக் கிடந்தன. அக்கம்பக்கத் தோட்டங்களிலும் எடுத்துப் போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஷெட்டில் மணல் பறந்து உருக்கில் விழுகிறது என்று வேலையை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினேன். எட்டடிக்கு ஆறடி, ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. பம்ப் ரூமில் மோட்டார் சூடாகிறது என்று அதைக் கழற்றி அங்கே மாட்டிவிட்டு, ஓட்டையைப் பலகை வைத்து அடைத்தேன். மோட்டார் சூடானது உண்மைதான்.

வேலுச்சாமியிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. “இனிமே இத ஒடச்சி உருக்கு” என்றேன். அவன் உருக்கினான்.

இரண்டாவது நாள் மதியம், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தேடி வந்தான்.

“சார், இந்த மெட்டலு நல்லால்லைங்க.”

“எத வெச்சு சொல்ற?”

“வாட வேற மாதிரி அடிக்குதுங்க. தொண்டையக் கவ்வுது. வாயி ஒரு மாதிரி இனிக்குது. பழைய கட்டியே குடுங்க சார், மீதி இருக்குமுல்ல?”

“நீ படிச்சவனா, நான் படிச்சவனா?”

வெட்கப்பட்டுச் சிரித்தான். “நீங்கதாங்க சார்.”

“அப்ப போய் வேலையப் பாரு.”

போய்விட்டான். இதை நான் விவரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் அறிக்கையில் அவன் ஒன்றும் அறியாதவன் என்று இருக்கிறது. அது தவறு. கருவி இல்லாமல், படிப்பு இல்லாமல், இரண்டே நாளில் அவன் கண்டுபிடித்துவிட்டான். அவன் சொன்னது தப்பாக இருந்திருந்தால், அன்றைக்கே அவனை அந்த அறையிலிருந்து வெளியே எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவன் சொன்னது சரியாக இருந்தது.

ஸ்டோர் ரூமில் ஒரு பழைய ஏசி இருந்தது. உள்ளே இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்ப உள்ளேயே விடும். மே மாதத்தில் தைத்தில் வெளியே நிற்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டை அங்கேயே வைத்துச் சாப்பிடு, கொஞ்சம் படுத்துக்கொள் என்றேன். மற்றவர்களெல்லாம் வெயிலில் கிடக்க சார் எனக்கு மட்டும் ஏசி போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று பூவாயியிடம் போனில் பெருமையாகச் சொன்னான். நான் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் சொன்னாள். ஸ்பீக்கரில் கேட்டேன்.

என் நோட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். ஏப்ரலில் வயிற்று வலி, மலச்சிக்கல். மே மாதத் தொடக்கத்தில் முகம் வெளுத்தது. மே கடைசியில் கீழ் ஈறில் கருநீலமாக ஒரு கோடு, காரீயம் ஏறியதற்கு அடையாளம். அவன் சிரிக்கும்போது அது தெரியும், அடிக்கடி சிரிக்கிறவன் என்பதால் கவனிப்பது சுலபமாக இருந்தது. நோட்டைப் படித்த உங்கள் இளம் அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு பொருள் எவ்வளவு நாளில் எப்படி மாறுகிறது என்று எழுதிவைப்பது எனக்குப் பழக்கம். பத்தொன்பது வருடப் பழக்கம் ஒரு மனிதனுக்காக மாறிவிடாது.

ஜூன் மாதம் வலி தாங்காமல் தரையில் சுருண்டு கிடந்தான். அர்பாப் கோடைக்கு வெளிநாடு போயிருந்தார். நான்தான் அவனைத் தைத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள், நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் உருது பேசுகிறவர். வேலுச்சாமியின் ஹிந்தி அவருக்குப் போதவில்லை, அதனால் நான் நடுவில் நின்றேன். என்ன வேலை செய்கிறான், புகை, பெயின்ட் மாதிரி ஏதாவது படுகிறதா என்று டாக்டர் கேட்டார். நல்ல கேள்விதான்.

நான் வேலுச்சாமியிடம் தமிழில், “ஆட்டுக்கு என்ன தீனி போடுறேன்னு கேக்குறார்” என்றேன்.

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டே பச்சைத்தீனி, தவிடு, உப்புக்கட்டி என்று நீளமாகச் சொன்னான். அவன் முடித்ததும் நான் டாக்டரிடம், தோட்ட வேலை, ஆடு மேய்க்கிறான், அர்பாபுக்குத் தெரியாமல் எங்கேயோ கள்ளச்சாராயம் வாங்கிக் குடிக்கிறான் என்றேன். ஷார்ஜாவில் குடி என்று சொன்னால் டாக்டர்கள் அதற்குமேல் தோண்ட மாட்டார்கள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வயிற்றுக்கு மாத்திரை எழுதினார். வேலுச்சாமி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டான். அவ்வளவு படித்த மனிதர் வாயைத் திறக்கச் சொல்லி ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நான் சொன்னதை அப்படியே நம்பினார். எனக்கு அவர்மேல் இருந்த கொஞ்சம் மரியாதையும் அன்றோடு போயிற்று.

ஜூலையில் கரண்டி அவன் கையிலிருந்து நழுவ ஆரம்பித்தது. வலதுகை மணிக்கட்டுக்குக் கீழே ஒடிந்த கீரைத்தண்டு மாதிரி தொங்கியது.

“கை சொன்ன பேச்சு கேக்கமாட்டேங்குதுங்க சார்” என்றான். “ஒங்களுக்கு வேல கெடுதே.”

அழுக்குத் துணியைக் கிழித்துக் கரண்டிக் காம்பை அவன் மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். நன்றி சொன்னான். ஒரு வாரம் தோளை அசைத்து அசைத்து அப்படியே வார்த்தான். அந்தக் குண்டுகளிலும் சுருக்கம் இல்லை. ஒருநாள் அவன் படுத்திருந்தபோது, சுத்தமான கட்டி ஒன்றை எடுத்து நானும் ஊற்றிப் பார்த்தேன். சுருக்கம் விழுந்தது. அச்சு பழையது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆகஸ்டில் அர்பாப் எதிர்பாராமல் திரும்பி வந்துவிட்டார். அவனைக் கண்டதும் அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தார், விட்டார், அது விழுந்தது. மறுபடி தூக்கிப் பார்த்தார். தன் வண்டியிலேயே அவனை ஏற்றி, என்னையும் ஏறச் சொன்னார். அதே கிளினிக், அதே டாக்டர். ஆனால் அன்றைக்கு டூட்டியில் இருந்த நர்ஸ் வேறு. பெயர் ஜெபிஷா. முப்பது வயதுகூட இருக்காது. பிரஷர் பார்க்கும் பட்டையை அவன் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் கேட்டார், நான் முன்போலவே வேலுச்சாமியிடம் ஆட்டைப் பற்றிக் கேட்டு, டாக்டரிடம் சாராயத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். “அண்ணே, அவரு ஆட்டுத் தீனியில்லா சொன்னாரு. சாராயம்னு எப்பம் சொன்னாரு?”

எங்கள் பக்கத்துப் பேச்சு. “பிள்ளைக்கு எங்க வீடு?” என்றேன்.

“மணவாளக்குறிச்சி. அத பொறவு பேசலாம்.” அவன் பக்கம் திரும்பினாள். “அண்ணா, நீங்க செல்லுங்க. என்ன வேல செய்யிதீங்க?”

“பேட்டரிய ஒடச்சி உருக்குறேம்மா. ரூமுக்குள்ள வெச்சு. சார்தான் சொல்லிக்குடுத்தாரு.”

அவள் கட்டைவிரலால் அவன் கீழுதட்டை இழுத்துப் பார்த்தாள். அந்த டாக்டர் செய்யாததை அவள் செய்தாள். ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னாள். டாக்டர் முகம் மாறியது, ரத்தம் எடுக்கச் சொன்னார். அதன் பிறகு அறையில் யாரும் என்னிடம் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை.

அன்றைக்கே அவனை ஷார்ஜாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே அவனுக்கு வலிப்பு வந்தது. ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. நான் கணித்ததைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மூன்றாம் நாள் தெளிவு திரும்பியது. மதியம் அர்பாபோடு நான் போயிருந்தேன். ஜெபிஷா தன் லீவு நாளில் கிளம்பி வந்து அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“அண்ணா, இவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சே செய்தாரு” என்றாள், என் முகத்துக்கு நேராக.

வேலுச்சாமிக்குப் பேச நேரமாயிற்று. “அப்பிடிச் சொல்லாதம்மா. சாரு படிச்சவரு. கை விழுந்தப்பகூட வேலைய விட்டுத் தூக்காம கட்டிவுட்டவரு.” பிறகு தலையைத் திருப்பி என்னைத் தேடினான். “சார், அந்த மெட்டலு மட்டும் வேணாங்க. நீங்க தொட்டாலும் ஒடம்புக்கு ஆகாது. தூக்கிப் போட்ருங்க சார்.”

பாருங்கள். அந்த நிலைமையிலும் எனக்கு உலோகம் பற்றிப் பாடம் எடுத்தான்.

ஜெபிஷா அழுதாள். அவள் சொன்னதை அர்பாபுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை, ஆனால் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் குனிந்து வேலுச்சாமியிடம், “சரி, தூக்கிப் போட்டுடறேன்” என்றேன். நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். அன்று சாயந்திரம் மறுபடி வலிப்பு வந்தது. விடியற்காலையில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அர்பாப் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு அவன் கையைப் பிடித்திருந்தாராம். ராணுவத்தில் இருந்தவர், ஒரு கூலிக்காரனுக்காகத் தரையில் உட்கார்ந்தார். பூவாயிக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. நீங்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கும் தாள்களின் ஆங்கிலப் பிரதியை இன்று காலை படித்தேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. கட்டிகளை நான்தான் மறைத்தேன் என்று இருக்கிறது, ஆம். எக்ஸாஸ்ட் ஃபேனை நான்தான் கழற்றினேன் என்று இருக்கிறது, ஆம். டாக்டரிடம் பொய் சொன்னேன் என்று இருக்கிறது, ஆம். அவன் செத்துப்போவான் என்று தெரிந்தே, ஐந்து மாதம், ஒவ்வொரு நாளும் அதைச் செய்தேன் என்று இருக்கிறது. அதையும் மறுக்கவில்லை. கொலை என்ற சொல்லை உங்கள் மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கித்தான் படித்துக் காட்டினார். தயங்க வேண்டியதில்லை, அது சரியான சொல்.

மூன்றாம் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே பொறாமை என்று போட்டிருக்கிறீர்கள். ஆடு மேய்க்கிற ஒருவனிடம் எனக்கு என்ன பொறாமை இருக்க முடியும்? அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இப்போதே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.